எடைக்குப் போட்டால் இரும்பு. ஓட்டிப் பார்த்தால் உயிர்!

பழைய கார் கண்காட்சிக்குக் கிளம்பும் ‘புல்லட்’ பட்டாளம்

சென்னை திருவான்மியூர். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 5½ மணி. பால் பாக்கெட் வாங்க வந்தவர்களும், ‘வாக்கிங்’ போகிறவர்களும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

“டப்... டப்... டப்...”

ஒன்றல்ல, இரண்டல்ல, பத்துப் பதினைந்து மோட்டார் சைக்கிள்கள். எல்லாம் பழசு. சில வண்டிகள் ஓட்டுகிறவரைவிட வயதில் மூத்தவை!

எங்கே இந்தப் படையெடுப்பு?

நகரத்துக்கு வெளியே பழைய கார் கண்காட்சி நடக்கிறது என்று சேதி வந்தால் போதும், இப்படித்தான் கும்பலாகக் கிளம்பி விடுகிறார்கள். காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, கோவளம் தாண்டி, மாமல்லபுரம் பக்கம் போவார்கள். கண் குளிரக் கார்களைப் பார்ப்பார்கள். பொழுது சாய்வதற்குள் வீடு வந்து சேருவார்கள்.

ஒரு நாள் கூத்துதான். ஆனால் இதற்குள் வாழ்வா, சாவா என்ற கேள்வி ஒன்று இருக்கிறது. உயிர் மனிதனுக்கு அல்ல, வண்டிக்கு! ஷெட்டில் தூங்கும் பழைய வண்டி பிழைக்குமா, புதுப்பேட்டைக்குப் போகுமா என்பதுதான் அந்தக் கேள்வி.

உதைத்தால், அதுவும் உதைக்கும்!

இந்தக் காலத்து வண்டிக்குப் பொத்தானை அமுக்கினால் போதும். பழைய ‘புல்லட்’டை அப்படிக் கிளப்ப முடியாது. அதற்குச் சாஸ்திரம் உண்டு.

சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். ஹெட்லைட் பக்கத்தில் இருக்கும் ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வந்து நிற்கும். உடனே கைப்பிடியில் உள்ள டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்துக்கொண்டு, கிக்கரைக் கொஞ்சம் இறக்க வேண்டும். பிறகு லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே உதை!

பிஸ்டன் உச்சியைத் தாண்டிய இடத்தில் உதைத்தால் வண்டி கிளம்பும். அவசரப்பட்டு முன்னாலேயே உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் பத்திரம்!

அதோடு முடிந்ததா? பழைய புல்லட்டுக்குக் கியர் வலது காலில். பிரேக் இடது காலில். கியர் மேலே ஒன்று, கீழே மூன்று. புது வண்டி ஓட்டிப் பழகிய வாலிபர்கள் ஏறி உட்கார்ந்தால், பிரேக் போடுவதாக நினைத்துக் கியரை மிதிப்பார்கள்.

“தம்பி, இது உங்க அப்பா காலத்து வண்டி. அது பேச்சை நீ கேக்கணும். உன் பேச்சை அது கேக்காது” என்று பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுப்பார்கள்.

பக்கத்தில் ‘ஜாவா’, ‘எஸ்டி’ வண்டிகள் நிற்கும். இவற்றில் இன்னொரு வேடிக்கை. கிளப்புவதற்கும் கியர் போடுவதற்கும் ஒரே கம்பிதான். உதைத்து முடித்ததும் அதை மடக்கிவிட்டால் கியர்! 1961 முதல் மைசூரில் தயாரான வண்டிகள் இவை. 1996-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. ‘ஜாவா’ என்ற பெயர் 2018-ல் வேறு புது வண்டிகளில் திரும்பி வந்தது. ஆனால் இரண்டு சைலன்சர் வழியாகப் புகை கக்கிக்கொண்டு போகும் அந்தப் பழைய அழகே தனி.

மெதுவாகப் போகிறவரே தலைவர்!

கும்பலாகப் போவது என்றால் கண்டபடி பறப்பது என்று எண்ண வேண்டாம். இவர்களுக்குக் கட்டுப்பாடு உண்டு.

வழி தெரிந்த ஒருவர் முன்னால் போவார். வண்டி வேலை தெரிந்த ஒருவர் கடைசியில் வருவார். கடைசி ஆளை யாரும் பின்னுக்கு விடக் கூடாது. நடுவில் யார் வண்டி நின்றாலும் அவர் நிற்பார்.

ஒரே வரிசையில் ஒட்டிக்கொண்டு போகமாட்டார்கள். ஒருவர் வலது ஓரம், அடுத்தவர் இடது ஓரம் என்று மாறி மாறிப் போவார்கள். பழைய வண்டியில் டிரம் பிரேக். பிடித்த இடத்தில் நிற்காது. ஆகவே இடைவெளி வேண்டும். திருப்பம் வந்தால் அங்கே ஒருவர் நின்று, பின்னால் வருகிறவர்களுக்குக் கை காட்டிவிட்டுத்தான் நகருவார்.

வேகம்? கூட்டத்தில் எந்த வண்டி மெதுவாகப் போகிறதோ, அதன் வேகம்தான் எல்லோருக்கும். கிழட்டு வண்டிக்கு அத்தனை மரியாதை!

ஓட்டுகிறவர், பின்னால் உட்காருகிறவர் இருவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். அது சட்டம்.

வழியில் ஒரு வண்டியாவது மக்கர் செய்யாமல் இருக்காது. பிளக்கில் கரி அடைக்கும், கிளட்ச் கேபிள் அறும், பாயிண்ட் கருகும். டீக்கடை ஓரத்தில் வண்டியை நிறுத்தினால் நாலு பேர் குனிந்து பார்ப்பார்கள். ஒருவர் பையிலிருந்து உப்புத்தாள் வரும். இன்னொருவர் பையிலிருந்து கேபிள் வரும். டீ ஆறுவதற்குள் வண்டி கிளம்பிவிடும்.

வேடிக்கை பார்க்கும் ஊர்க்காரர்களில் ஒருவராவது கேட்பார்: “அண்ணே, இது என்ன மாடலு? எங்க தாத்தா வச்சிருந்தாரு. எடைக்குப் போட்டுட்டோமே!”

இந்த வார்த்தையைக் கேட்டால்தான் வண்டிக்காரர்களுக்கு வயிறு எரியும்.

“அட, நம்ம வண்டி!”

கண்காட்சி மைதானத்தில் மோட்டார் சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு உள்ளே போனால், அடேயப்பா! ராஜா வீட்டுக் கார்கள் ஒரு பக்கம் மின்னும். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, கூட்டம் மொய்ப்பது அந்தப் பக்கம் அல்ல. அம்பாசிடர், பியட், ஹெரால்டு நிற்கும் பக்கம்தான்! கல்யாணத்துக்குப் போனது, பிரசவத்துக்குப் போனது எல்லாம் இந்தக் கார்களில்தானே?

அம்பாசிடர்: இங்கிலாந்தின் ‘மோரிஸ் ஆக்ஸ்போர்டு’ காரின் மறு அவதாரம். 1950-களின் கடைசியில் பிறந்து, 2014 வரை கல்கத்தா அருகே உத்தர்பாராவில் தயாரானது. எம்.ஜி.ஆர். பயன்படுத்திய டி.எம்.எக்ஸ். 4777 என்ற அம்பாசிடரை யாராவது மறக்க முடியுமா? தியாகராய நகர் நினைவு இல்லத்தில் அது இன்றும் நிற்கிறது.

பியட்: பம்பாயில் தயாராகி, பிறகு ‘பத்மினி’ என்று பெயர் மாறியது. ஸ்டீயரிங் ஓரத்திலேயே கியர். 2023 அக்டோபரில் மும்பைத் தெருக்களிலிருந்து பத்மினி டாக்சி விடைபெற்றபோது பத்திரிகைகள் எல்லாம் எழுதின.

ஹெரால்டு: இது நம் ஊர்ச் சரக்கு! 1961 முதல் சென்னையில் ‘ஸ்டாண்டர்டு’ கம்பெனி தயாரித்தது. முன் பக்க மூடி, மட்கார்டோடு சேர்ந்து, முதலை வாயைப் பிளப்பதுபோல் முன்னால் சாயும். பெருங்களத்தூரில் அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் இன்று கம்ப்யூட்டர் கம்பெனிகள். தொழிற்சாலை போய்விட்டது, அது பெற்ற பிள்ளை மைதானத்தில் நிற்கிறது!

காருக்கும் சென்னைக்கும் சம்பந்தம் இன்று நேற்று வந்ததல்ல. 1903-லேயே சிம்ப்சன் கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியில் ஓடும் காரைச் செய்து சென்னைத் தெருவில் ஓட்டிக் காட்டினார்.

வந்து இறங்கிய புல்லட் மட்டும் சளைத்ததா? இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த வண்டி. இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு விரும்பி வாங்கியது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூருக்கு அதைக் கொண்டு வந்தது. 1970-ல் இங்கிலாந்தில் தயாரிப்பே நின்றுபோனது. நம் திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே கப்பல் ஏறியது புல்லட். தாய்வீட்டுக்குச் சீர் கொண்டு போன மகள் மாதிரி!

புதுப்பேட்டையா, பொக்கிஷமா?

இப்போது விஷயத்துக்கு வருவோம்.

புதுப்பேட்டைக்குப் போனால் என்ஜின் ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம், கியர் பெட்டி ஒரு பக்கம் என்று குவிந்து கிடக்கும். அங்கே வண்டிக்கு வயது கிடையாது, எடைதான் உண்டு. அதே சமயம் புதுப்பேட்டையைப் பழிக்கவும் முடியாது. கண்காட்சியில் மின்னும் வண்டிக்கு வேண்டிய சாமான் பாதி அங்கேதான் கிடைக்கிறது! செத்த வண்டி கொடுத்த கண்ணில்தான் இருக்கிற வண்டி பார்க்கிறது.

ஆனால் சாகிற வண்டி ஒரு நாள் தீர்ந்துபோகுமே? பாயிண்ட் வைக்கத் தெரிந்த மேஸ்திரிக்கும் வயதாகிறதே? அவர் கைவேலையைக் கற்றுக்கொள்ள ஆள் வேண்டாமா? ஓடுகிற வண்டி இருந்தால்தான் அவருக்கு வேலை இருக்கும். வேலை இருந்தால்தான் பக்கத்தில் ஒரு பையன் நின்று கற்றுக்கொள்வான். அதனால்தான் வண்டியைத் துடைத்து வைத்தால் மட்டும் போதாது, ஓட்டவும் வேண்டும் என்கிறார்கள் இவர்கள். ஞாயிற்றுக்கிழமைப் பயணம் வெறும் பொழுதுபோக்கு அல்ல என்பது இதனால்தான்.

சர்க்காரும் கொஞ்சம் கண் திறந்திருக்கிறது. 50 வயதைத் தாண்டிய, அசல் உருவம் கெடாத வண்டிகளுக்குத் தனிப் பதிவு என்று மத்திய அரசு 2021 ஜூலையில் விதி கொண்டு வந்தது. நம்பரில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து வரும். கட்டணம் ரூ.20 ஆயிரம், பத்து ஆண்டுக்குச் செல்லும். புதுப்பிக்க ரூ.5 ஆயிரம். ஏற்கெனவே பதிவு உள்ள வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு கடிவாளம். ‘வி.ஏ.’ வண்டியை ஆபீசுக்கும் மார்க்கெட்டுக்கும் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சிக்கு, பழைய வண்டி ஊர்வலத்துக்கு, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றால் சரி.

வெல்டிங் வைத்து உருவத்தை மாற்றி, காது கிழியும் சைலன்சர் மாட்டும் இளவட்டங்கள் இதைக் கவனிக்க வேண்டும். அசல் கெட்டால் அந்தச் சலுகையும் போச்சு, மவுசும் போச்சு!

இன்னொரு தலைவலி பெட்ரோல். இப்போது பங்குகளில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகள் இதற்கு ஏற்றபடி தயாரானவை. தாத்தா வண்டிக்கு அந்தச் சொகுசு இல்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும்; பழைய ரப்பர் குழாயைப் பதம் பார்க்கும். ஆகவே டாங்கில் மாதக்கணக்கில் பெட்ரோல் தேங்கக் கூடாது. ரப்பர் குழாயை அடிக்கடி பார்த்து மாற்ற வேண்டும்.

உங்கள் வீட்டில் இருக்கிறதா?

கோணி போட்டு மூடிய வண்டி ஒன்று உங்கள் வீட்டுப் பின்கட்டிலும் இருக்கலாம். பழைய இரும்புக்காரர் மணி அடித்ததும் தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் டிரங்குப் பெட்டியில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடுங்கள். காகிதம் இல்லாத வண்டி அநாதைதான். வெளியே எடுத்ததும் ஆத்திரப்பட்டு உதைக்காதீர்கள். பழைய பெட்ரோலையும் பழைய ஆயிலையும் வடித்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றி, உள்ளே கொஞ்சம் ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு கிக்கரைக் கையாலேயே மெதுவாக அழுத்திப் பாருங்கள். என்ஜின் சுற்றினால் பாதி வேலை முடிந்தது. சுற்றாவிட்டால் பலவந்தம் வேண்டாம். அனுபவமுள்ள மேஸ்திரியிடம் காட்டுங்கள். பிரேக்கும் டயரும் புதுசாகாமல் ரோட்டில் இறக்கவே கூடாது.

செலவு ஆகும்தான். மேஸ்திரி வீட்டுக்கு நடையாய் நடக்கவும் வேண்டும்தான். ஆனால் இரும்புக்காரர் தராசில் வைத்த பிறகு வருத்தப்பட்டு என்ன பயன்? வித்த வண்டியைத் திரும்ப வாங்கப் பல பேர் தேடித் திரிகிறார்கள்; கிடைத்தவர் சிலர்தான்.

அடுத்த கண்காட்சிக்குக் கும்பல் கிளம்பும்போது, கடைசி ஆளுக்கு முன்னால் எப்போதும் ஓர் இடம் காலியாக இருக்கும். எவ்வளவு மெதுவாக வந்தாலும் காத்திருப்பார்கள்!