கைப்பேசி சுடுவது ஏன்?

கைப்பேசியில் கார்ப் பந்தய விளையாட்டு ஒன்றை அரை மணி நேரம் ஆடிப் பாருங்கள். அதன் முதுகு வெதுவெதுப்பாகிவிடும். முதலில் வழுக்கிக்கொண்டு ஓடிய கார் பிறகு தத்தித் தத்தி நகரலாம். கைப்பேசிகள் பெரும்பாலானவற்றில் விசிறி கிடையாது. ஆகவே சூடு ஓர் அளவைத் தாண்டினால் உள்ளே இருக்கும் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது.

இவ்வளவு சூட்டுக்கு அங்கே என்ன வேலை நடக்கிறது? ஒரு கணக்குப் போடுவோம். அகலத்தில் 1080, நீளத்தில் 2400 புள்ளிகள் கொண்ட திரையில் மொத்தம் 25,92,000 புள்ளிகள். விநாடிக்கு 60 படங்கள் என்றால், 'இந்தப் புள்ளிக்கு என்ன நிறம்?' என்ற கேள்விக்கு விநாடிக்குப் பதினைந்தரைக் கோடி முறை விடை காண வேண்டும்! அந்த விடையைத் தரும் சிறு நிரலுக்கு ஷேடர் என்று பெயர். அதில் ஒரே ஒரு பெருக்கலைக் குறைத்தால் எவ்வளவு மிச்சம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

குறைக்கும் வழி பழையதுதான். திரையில் தெரியும் உருவங்கள் சிறு சிறு முக்கோணங்களால் ஆனவை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பிரெஞ்சுக்காரர் ஹென்றி கூரோ, 1971-இல் ஒரு முறையை விளக்கினார். முக்கோணத்தின் மூன்று முனைகளில் மட்டும் ஒளியைக் கணக்கிட வேண்டும். நடுவே உள்ள புள்ளிகளுக்கு இடைமதிப்பே போதும். வேலை வெகுவாகக் குறையும். ஆனால் முக்கோணத்தின் நடுவில் விழும் பளபளப்புப் பொட்டு காணாமற் போய்விடும்!

அதே பல்கலைக்கழகத்தில் பயின்ற வியட்நாமியர் புய் துவாங் ஃபோங் 1973-இல் இக்குறையைத் தீர்த்தார். அவர் முறையில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனிக் கணக்கு. அழகு கூடியது, வேலையும் கூடியது. (அவர் 1975-இல், இளம் வயதிலேயே மறைந்தது பெரும் இழப்பு.) ஆகவே தூரத்து மலைக்கும் மண் தரைக்கும் கூரோ முறை, முன்னால் மினுங்கும் காருக்கு ஃபோங் முறை என்று பிரித்துக்கொள்ளலாம்.

எண்களிலும் சிக்கனம் உண்டு. ஓர் எண்ணை 32 பிட்டுகளில் வைப்பது வழக்கம். நிறத்துக்கு 16 பிட் பெரும்பாலும் போதும். பல சில்லுகள் அத்தகைய கணக்குகளை இரண்டிரண்டாகச் சேர்த்தே முடித்துவிடும். ஆனால் இடத்தைக் குறிக்கும் எண்ணில் இதைச் செய்தால் வம்பு. 16 பிட் தசம எண்ணில் 2048-க்கு மேல் ஒற்றைப்படை எண்களுக்கு இடமே இல்லை. 2049 என்று கொடுத்தால் 2048 ஆகிவிடும். 2400 புள்ளி நீளமுள்ள திரையின் கடைசிப் பகுதியில் அடுத்தடுத்த இரு புள்ளிகள் ஒரே இடமாகிவிடும், படமும் கட்டம் கட்டமாகத் தெரியும்.