ஒரு கேன் தண்ணீரும் இடுப்புப் பிடிப்பும்

ஹல்துமுல்லைப் பக்கம் போயிருந்தபோது ஒரு தாய் தமது இடுப்பைப் பிடித்துக்கொண்டே எம்மோடு பேசினார். இருபது வருடங்கள் கொழுந்துக்கூடை சுமந்தவர். மண்சரிவு அபாயம் என்று லயத்திலிருந்து எழுப்பப்பட்டு, பல மாதங்கள் பொது மண்டபம் ஒன்றில் பாய் விரித்துக் கிடந்தார். வேறு இடத்தில் குடியேறிய முதல் வாரத்திலேயே, குழாயடியில் நிரப்பிய கேனைத் தூக்கக் குனிந்தவரால் நிமிர முடியவில்லை. பதினைந்து நாட்கள் வேலை இல்லை, பேர் இல்லை. புதிதாகக் கொத்திய காய்கறிப் பாத்தியும் புல் மண்டிப் போனது. "கூடை தூக்குன ஒடம்புங்க இது. ஒரு கேன் தண்ணிக்கு மடங்கிப் போச்சே" என்றார். வலியைவிட அந்த வெட்கமே அவருக்குப் பெரிதாக இருந்தது.

இது அவர் ஒருவருடைய கதை மட்டுமல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளிலும், பின்பு மாகல்தெனியவில் இயங்காதிருந்த தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கவைக்கப்பட்டார்கள். புதிய வீடுகள் கைக்கு வர 2016 ஆயிற்று. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மறுபடி சரிவு ஏற்பட்டது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி வந்தபோது பதுளை மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்கள் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வெளியேறின. ஒவ்வொரு தடவையும் அரிசி, பாய், தறப்பாள், சட்டி பானை என்று இழப்புப் பட்டியல் எழுதப்படுகிறது. உடம்பில் இழந்த தசையை யாரும் எழுதுவதில்லை.

தசை என்பது வெறும் சதை அல்ல. எமது உடலில் 600க்கு மேற்பட்ட தசைகள் உள்ளன. ஆரோக்கியமான ஆண் ஒருவரின் உடல் எடையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு எலும்போடு இணைந்த தசைதான். பெண்களுக்குச் சற்றுக் குறைவு. தசைக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று: சுருங்கி இழுப்பது. அதற்குத் தள்ளத் தெரியாது. ஆகவேதான் தசைகள் சோடி சோடியாக அமைந்துள்ளன. மேற்கையின் முன்புறத்தில் உள்ள இருதலைத் தசை முழங்கையை மடக்கும். பின்புறத்தில் உள்ள முத்தலைத் தசை அதை நீட்டும். வேலை கொடுத்தால் தசைநார்கள் தடிக்கும், கொடுக்காவிட்டால் மெலியும். படுக்கையில் கிடப்பவரின் தொடை சில நாட்களிலேயே இளைக்கத் தொடங்கும். மண்டபத்தில் ஆறு மாதம் உட்கார்ந்திருந்தவருக்குக் கூடை சுமந்த நினைவு அப்படியே இருக்கும். கூடை சுமந்த தசை இருக்காது.

"நாள் முழுக்கச் சுமக்கிற எங்களுக்குப் பயிற்சி எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பட்டணத்தில் காசு கட்டி இரும்பு தூக்குவோரைப் பார்த்து நாமும் சிரித்ததுண்டு. ஆனால் வேலைக்கும் பயிற்சிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வேலையில் சுமையே உடம்புக்குக் கட்டளை இடுகிறது. உரப்பை 50 கிலோ என்றால் 50 கிலோதான். இன்றைக்கு உடம்பு சரியில்லை, முப்பதாக்கித் தா என்று கேட்க முடியாது. பயிற்சியில் இன்று உடம்பு தாங்கும் அளவைப் பார்த்துச் சுமையை நாமே தீர்மானிக்கிறோம். மேலும், கொழுந்து பறிப்பதில் விரல், முன்கை, கழுத்து ஆகியவை ஓயாமல் வேலை செய்கின்றன. தோளைப் பின்னுக்கு இழுக்கும் முதுகுத் தசைகளுக்கும், குந்தி எழும்பும் பிட்டத் தசைகளுக்கும் அந்த அளவு வேலை கிடைப்பதில்லை. மலையில் பறித்தவர் இன்று மண்வெட்டியோடு பாத்தி கொத்தும்போது அந்த மற்றத் தசைகள்தான் தேவைப்படுகின்றன.

மெலிந்த தசையைச் சுமையால் மீட்கலாம் என்பதை வைத்திய உலகம் ஏற்றுக்கொண்டதும் ஓர் அவலத்தின் பின்னர்தான். இரண்டாம் உலகப் போரில் காயமடைந்து மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்த சிப்பாய்களின் கால்கள் குச்சியாகிப் போயின. அக்காலத்தில் இலேசான பயிற்சியைப் பல தடவை செய்யச் சொல்வதே வழக்கம். தோமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க இராணுவ வைத்தியர் அதை மாற்றி, பாரமான எடையைச் சில தடவைகள் மட்டும் தூக்கச் செய்தார். கால்கள் தேறின. 1945இல் அதை எழுதி வெளியிட்டார். பின்னர் தமது முறையை இன்னும் எளிதாக்கினார். விடாமல் பத்துத் தடவை தூக்கக்கூடிய ஆகக் கூடிய எடை எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதன் பாதி எடையைப் பத்துத் தடவை, சற்று ஓய்ந்து முக்கால் எடையைப் பத்துத் தடவை, மறுபடி ஓய்ந்து முழு எடையைப் பத்துத் தடவை தூக்க வேண்டும். அவ்வளவுதான்.

இதற்கு இரும்பு வாங்கத் தேவையில்லை. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. வீட்டிலுள்ள பிளாஸ்டிக் கேன்தான் எமது எடைக்கல். ஒரு லீற்றர் போத்தலால் அளந்து ஊற்றி, வெளியே லீற்றருக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பத்துத் தடவை தூக்கக்கூடியது எட்டு லீற்றர் என்றால், முதலில் நான்கு, அடுத்து ஆறு, கடைசியில் எட்டு. தண்ணீரும் வீணாவதில்லை. முடிந்ததும் செடிக்கு ஊற்றலாம்.

எல்லாவற்றுக்கும் முன் குந்தி எழும்பும் பயிற்சியைத் தொடங்குவோம். வாங்கு ஒன்றில் உட்கார்ந்து, கையூன்றாமல் எழும்பி, மெதுவாக மறுபடி உட்காருங்கள். தொடையின் முன்புறத்தில் நான்கு பகுதிகளாக உள்ள பெரிய தசையும், உடலின் தசைகளிலேயே பருமனான பிட்டத் தசையும் இதில் வேலை செய்கின்றன. பத்துத் தடவை சுகமாக வந்த பிறகே ஒரு போத்தல் தண்ணீரை நெஞ்சோடு அணைத்துச் செய்யலாம். உட்காரும்போது "தொப்" என்று விழக் கூடாது. கீழே இறங்கும் வேகத்தைத் தசையே பிடித்து நிறுத்த வேண்டும். மலைவாசிகளான எமக்கு இது முக்கியம். பாரத்தோடு ஏறுவது மூச்சை வாங்கும். ஆனால் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் தொடை கடுப்பது பெரும்பாலும் இறங்கியதால்தான். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. அந்த வேலைதான் பழக்கமில்லாத தசைநாரைக் கூடுதலாக நோகச் செய்கிறது. சில வாரங்கள் பழகினால் அந்தக் கடுப்பு குறைந்துவிடும்.

அடுத்தது அந்தத் தாய் விழுந்த இடம்: தரையில் உள்ளதைத் தூக்குவது. இதில் ஒரு சிறு கணக்கு இருக்கிறது, பொறுமையாகப் பாருங்கள். முள்ளந்தண்டை நிமிர்த்தும் தசைகள் எலும்புக்கு மிக அருகில், ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் தூரத்தில் நின்று இழுக்கின்றன. 20 லீற்றர் கேனைக் கையை நீட்டி, முதுகெலும்பிலிருந்து 50 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்தால், தூரம் பத்து மடங்கு. ஆகவே தசை பத்து மடங்கு, அதாவது 200 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். குனிந்த உடம்பின் பாரம் இதற்கு மேலதிகம். அதே கேனை உடம்போடு ஒட்டி 20 சென்ரிமீற்றரில் வைத்துக்கொண்டால் 80 கிலோ போதும். கேன் அதேதான், தண்ணீரும் அதேதான். பிடித்த தூரம் மட்டுமே வேறு. ஆகவே கேனுக்கு மிக அருகில், இரு காலுக்கும் நடுவே அது வரும்படி நில்லுங்கள். முழங்காலையும் இடுப்பு மூட்டையும் மடக்கி, முதுகை வளைக்காமல் நேராக வைத்து, தொடையாலும் பிட்டத்தாலும் எழும்புங்கள். திரும்ப வேண்டுமானால் பாதத்தைத் திருப்புங்கள், இடுப்பை முறுக்காதீர்கள். மூச்சை அடக்காமல் எழும்பும்போது வெளியே விடுங்கள். மூன்று லீற்றரில் தொடங்கிப் பழகினால், கூடையோ மூட்டையோ எதைக் கண்டாலும் உடம்பு தானாகவே அப்படிக் குனியும்.

இது மேல்நாட்டார் கண்டுபிடித்துத் தந்த வித்தை என்று நினைக்க வேண்டாம். எமது முன்னோர் விட்டுவந்த தமிழ்நாட்டின் தென்மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல் என்றொரு உருண்டைக் கல் கிடக்கும். வாலிபர்கள் அதைத் தோளுக்கு ஏற்றிப் பின்னால் எறிந்து தம் வலுவைக் காட்டுவார்கள். அதைத் தூக்கியவனுக்கே பெண் கொடுத்த காலமும் இருந்ததாகச் சொல்வார்கள். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலையொட்டி இப்போட்டி இன்றும் நடக்கிறது, பெண்களும் கலந்துகொள்கிறார்கள். தூக்குபவர் குந்தி உட்கார்ந்து கல்லை அணைத்து மடிக்கு ஏற்றுவார். மடியிலிருந்து நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து தோளுக்கு. ஓரிடத்திலும் கல் உடம்பை விட்டு விலகுவதில்லை. நாம் மேலே போட்ட கணக்கை அவர்கள் எழுதாமலே அறிந்திருந்தார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். வாசற்படியில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை உயர்த்தி இறக்கினால் கெண்டைக்கால் தசைக்கு வேலை. ஒரு கையை வாங்கில் ஊன்றி, மறு கையால் போத்தலை விலாவரை இழுத்தால் தோள்பட்டைக்குப் பின்னுள்ள தசைகள் வலுப்படும்; கொழுந்து பறித்துக் கூன் விழுந்த தோளுக்கு இது நல்ல மாற்று. சுவரில் கையூன்றித் தள்ளினால் நெஞ்சுக்கும் முத்தலைத் தசைக்கும் வேலை. இரு கையிலும் சம அளவு தண்ணீர் பிடித்து நிமிர்ந்து நடப்பதை விட்டுவிடாதீர்கள். வயிற்றைச் சுற்றியுள்ள தசைகளுக்கு அதைவிட நல்ல பயிற்சி சொல்வது கடினம். ஒரே கையில் ஒரு பெரிய கேனைத் தொங்கவிட்டு நடப்பதைவிட இரண்டு சிறிய கேன்கள் மேல்.

வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு இவ்வாறு வேலை கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் கூறியது. நாள் தவறாமல் செய்ய வேண்டியதில்லை. இடையில் ஒரு நாள் ஓய்வு கட்டாயம். தசை தேறுவது அந்த ஓய்வில்தான். இன்னொன்று: முதல் மூன்று நான்கு வாரங்களில் வலு விரைவாகக் கூடுவது போலத் தெரியும். அது பெரும்பாலும் நரம்புகள் தசையை ஏவப் பழகியதால் வருவது. தசை தடிக்கவும் எலும்போடு இணைக்கும் நாண்கள் உறுதிப்படவும் இன்னும் காலம் எடுக்கும். ஆகையால் இலேசாக இருக்கிறதே என்று ஒரே நாளில் ஐந்து லீற்றரைக் கூட்டாதீர்கள். வாரத்துக்கு அரை லீற்றர், ஒரு லீற்றர் போதும்.

"எனக்கு வயசு போச்சு" என்போருக்கு ஒரு செய்தி. 1990இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், முதியோர் இல்லமொன்றில் இருந்த தொண்ணூறு வயதை அண்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் இடையில் நின்றுவிட்டார். மற்ற ஒன்பது பேருக்கும் தொடை வலு சராசரியாக 174 வீதம் கூடியது. நடையும் வேகப்பட்டது. தொண்ணூறில் முடிந்தது ஐம்பதில் முடியாதா?

தசை காற்றில் வளராது. காலையில் ரொட்டியும் சம்பலும், இரவில் சோறும் ரசமும் என்றால் தடிப்பதற்கு அதில் போதிய புரதம் இல்லை. பருப்பு, கௌபி, பயறு, சோயா, கச்சான், நெத்தலி, முட்டை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். கௌபியைப் புதிய தோட்டத்து ஓரத்திலேயே போடலாம். இரத்தச்சோகை உள்ள பெண்ணுக்கு எந்தப் பயிற்சியும் களைப்பைத்தான் தரும். தேயிலை பறிக்கும் எமக்கு இதைச் சொல்வது சங்கடம்தான்: சாப்பிட்டவுடன் குடிக்கும் தேநீர், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கிறது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

கர்ப்பிணிகளும், அண்மையில் குழந்தை பெற்றவர்களும், குடலிறக்கம், கருப்பை இறக்கம், நெஞ்சுவலி, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் வைத்தியரைக் கேளாமல் பாரம் தூக்க வேண்டாம். பயிற்சிக்குப் பின் தசை கடுப்பது வழமை. இடுப்பிலிருந்து காலுக்கு மின்சாரம்போல் வலி பாய்வதும் பாதம் மரத்துப்போவதும் வழமை அல்ல. அத்துடன் சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமல் போனால் ஒரு நாளும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். எண்ணெய் தடவிப் பார்க்கும் நோய் அல்ல அது.

சுமையின் அளவையும் பேசியாக வேண்டும். வளர்ந்த ஆண் தொழிலாளி ஒருவர் தூக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படக் கூடாது என்று சர்வதேச தொழில் ஸ்தாபனம் 1967இல் சிபாரிசு செய்தது. அமெரிக்கத் தொழிற்சுகாதார நிபுணர்கள் 1990களில், எல்லாம் வசதியாக அமைந்த நிலையிலும் 23 கிலோதான் என்று எல்லையை இன்னும் கீழே கொண்டுவந்தார்கள். எமது வழுக்குப் பாதைகள் அத்தனை வசதியானவை அல்ல. உரப்பையை வீதியிலேயே பிரித்து இரண்டு நடையாகக் கொண்டுவருவது சோம்பல் ஆகாது.

நேபாளச் சுமைகாவிகள் எமது கொழுந்துக்கூடை போலவே நெற்றியில் பட்டி மாட்டி மலையேறுகிறார்கள். 2005இல் வெளியான ஓர் ஆய்வில், ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையின் 93 வீதப் பாரத்தைச் சுமந்தது அளக்கப்பட்டது. அவர்கள் வேகமாக ஓடுவதில்லை. மெதுவாக நடந்து அடிக்கடி நிற்கிறார்கள். நிற்கும்போது கைத்தடியைக் கூடைக்கு அடியில் முட்டுக்கொடுத்துப் பாரத்தை அதில் இறக்குகிறார்கள். எமக்கும் அப்படி ஒன்று இருந்தது. ஊர்ப் பாதைகளில் இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்த சுமைதாங்கிதான் அது. தலைச்சுமையைக் குனியாமல் இறக்கவும், யாருடைய கையும் இல்லாமல் மறுபடி ஏற்றவும் உதவியது.

புதிய குடியேற்றங்களில் படிக்கட்டும் பாதையும் போடச் சிரமதானம் செய்யும்போது, குழாயடியிலும் ஏற்றத்தின் நடுவிலும் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் மேடை கட்டிவிடுங்கள். கேனைத் தரையில் வைத்து நிரப்பாமல் அந்த மேடையில் வைத்து நிரப்பினால், அந்தத் தாய் குனிந்த குனிவே தேவைப்படாது. ஒரு மூட்டை சீமெந்தும் அங்கேயே கிடக்கும் கருங்கல்லும் இருந்தால் ஒரு காலைப்பொழுது வேலை.