ஊற்றுகிற கை, தள்ளுகிற கை

ஹாங்காங்குக்கு விடுமுறைக்குப் போகிறவர்கள் ஒரு காலையாவது 'டிம் சம்' சாப்பிடாமல் திரும்புவதில்லை. நானும் நண்பர் ஒருவரோடு போனேன். இதற்காகக் கடைக்குப் போவதை அங்குள்ளவர்கள் 'யம் சா' என்கிறார்கள். தேநீர் குடிப்பது என்று பொருள். (நம் குமரி மாவட்டத்துச் 'சாயா'வில் இருப்பதும் இந்தச் 'சா'தான்.) பெயரளவில் தேநீர்தான் முதன்மை, பண்டம் அதற்குத் துணை. வெளியிலிருந்து போகிற நமக்கு இது தலைகீழாகிவிடுகிறது.

ஜப்பானிய உணவுக்கு மையம் இல்லை என்று ரோலான் பார்த் 1970இல் 'குறிகளின் பேரரசு' நூலில் எழுதினார். டிம் சம் மேசையைப் பார்த்தால் அந்த வாசிப்பை அப்படியே இங்கே இறக்கிவிடத் தோன்றும். இறால் வைத்த ஹார் காவ், பன்றியிறைச்சி சியூ மாய், கோழிக்கால் என்று மூங்கில் கூடைகள் ஆவி பறக்க வரும். முந்தியது பிந்தியது கிடையாது, எல்லாம் பொது. 'மையமற்ற பிரதி' என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம். எனக்கென்னவோ அது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனின் வாசிப்பாகவே படுகிறது.

யாராவது உங்கள் கிண்ணத்தில் தேநீர் ஊற்றினால் இரண்டு விரல்களை மடக்கி மேசையில் மெல்லத் தட்ட வேண்டும். நன்றி என்று அர்த்தம். சியென்லுங் பேரரசர் மாறுவேடத்தில் பயணம் போனபோது கூட வந்தவருக்குத் தானே தேநீர் ஊற்றினாராம். விழுந்து கும்பிட்டால் குட்டு உடைந்துவிடுமென்று அவர் விரல்களையே மண்டியிட வைத்தாராம். வரலாறு அல்ல, கதைதான். ஆனால் கதை செய்கிற வேலையைக் கவனியுங்கள். கதையில் ஊற்றுகிறவர் பேரரசர். இன்று அதே வணக்கத்தை வாங்கிக்கொள்கிறவர் கொதிநீரோடு வரும் பணியாளர், அல்லது வீட்டுக் கடைக்குட்டி. அதிகாரத்துக்கு முன் மடங்கிய முழங்கால், ஊற்றுகிற கைக்கான மரியாதையாக இடம் மாறியிருக்கிறது.

சரி, கூடையைக் கொண்டுவருகிற கைக்கு?

ஒரு காலத்தில் பண்டத் தட்டைக் கழுத்திலிருந்து வாரில் தொங்கவிட்டபடி மேசை மேசையாக நடந்தார்கள். பிறகு தள்ளுவண்டி வந்தது. பண்டத்தின் பெயரைக் கூவிக்கொண்டே வருவார்கள், மூடியைத் திறந்து காட்டுவார்கள், நாம் கை நீட்டினால் கூடையை வைத்து, மேசையிலிருக்கும் அட்டையில் முத்திரை குத்திவிட்டு நகர்வார்கள். பாஷை தெரியாவிட்டாலும் பேச்சு நடந்துவிடும். இப்போது பல கடைகளில் வண்டி கிடையாது. அச்சிட்ட தாளும் பென்சிலும்தான், சில இடங்களில் கைபேசி. பொய் சொல்லக் கூடாது, பண்டம் சூடாகவே வருகிறது. வண்டியில் சுற்றிச் சுற்றி ஆறிப்போன ஹார் காவின் தோல் கூடையில் ஒட்டிக் கிழியும். கழுத்துத் தட்டைவிட வண்டி உடம்புக்கு இலகு, வண்டியைவிடத் தாள் இலகு. ஆகவே 'அந்தக் காலம்' என்று புலம்ப நான் தயாரில்லை. வண்டி ஓடுகிற கடையைத் தேடிப் பிடித்துப் போகிற நாம், இன்னொருத்தியின் கால் வலியைத்தான் 'பாரம்பரியம்' என்று ரசிக்கிறோமோ என்ற சந்தேகம் மட்டும் இருக்கிறது.

நாங்களும் அப்படித்தான் தேடிப் போனோம். அறுபது வயதிருக்கும் ஒரு அம்மா கூடையை வைத்தார். நான் இரண்டு விரல்களை மடக்கித் தட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, முத்திரையைக் குத்திவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

நண்பர் சிரித்தார். "அது டீக்கு மட்டும்தான்பா."