பருவத்துக்கு ஒரு கழகம்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் தம் மகன், அன்னிய தேசக் கழகம் ஒன்றில் சம்பளத்துக்கு உதைபந்தாடப் போவதாகப் பிடிவாதம் செய்கிறான் என்றும், அது மெய்யான உத்தியோகந்தானா, அல்லது ஏஜென்சிக்காரர் விரிக்கும் மற்றுமொரு வலையா என்றும் கேட்டு, அக்கரைப்பற்றிலிருந்து அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். உத்தியோகந்தான்; ஆனால் அதன் ஜீவநாடி காலில் இருப்பதைவிடக் காகிதத்தில் அதிகமாக இருக்கிறது என்பது பலருக்கும் தெரியாத விஷயம்.

ஆட்ட விதிகளைத் தம்பிலுவிலிலிருந்து கல்முனை வரையுள்ள வாசகர்களுக்கு நான் சொல்லப் புகுவது அதிகப்பிரசங்கமாகும். கோடிகளில் விலைபேசப்படும் மகா நட்சத்திரங்களையும் விட்டுவிடுகிறேன். நான் சொல்லவந்தது, ஒரு பருவத்துக்கோ அரைப் பருவத்துக்கோ ஒப்பந்தமாகி, அது முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த தேசத்துக்குப் பிரயாணமாகும் சாமானிய ஆட்டக்காரரைப் பற்றியே. இந்த வர்க்கத்தின் சிகரம் உருகுவே நாட்டு செபஸ்தியான் அப்ரேயு. 2017இல் தமது 26ஆவது கழகத்தில் சேர்ந்து கின்னஸ் புத்தகத்தில் ஏறிய அவர், அதன் பின்னும் 2021 வரை ஓயவில்லை. லுட்ஸ் ஃபானென்ஷ்டீல் என்ற ஜேர்மானியக் கோல் காப்பாளரோ, உலக உதைபந்தாட்டத்தின் ஆறு கண்டச் சம்மேளனங்களிலும் தொழில்முறையில் ஆடியவர்; இங்கிலாந்தில் ஆட்டத்தின் நடுவே மார்பில் அடிபட்டு மூச்சு நின்று, உயிர் மீண்டு, மறுபடியும் கோல் காக்கப் போனவர்.

நம்மவரிலும் முன்னோடிகள் உண்டு. சிங்கப்பூர்த் தமிழரான வி. சுந்தரமூர்த்தி 1980களின் கடைசியில் சுவிட்சர்லாந்தின் பாசல் கழகத்தில் ஆடினார். இலங்கையின் பக்கீர் அலி, அதே பத்தாண்டில், டாக்காவின் அபஹானி கழகத்தினுடைய தற்காப்பு வரிசையில் நின்றார். டாக்கா லீக்கை அந்நாளில் இளக்காரமாக எண்ணிவிடக் கூடாது: 1986 உலகக் கிண்ணத்தில் ஈராக்குக்காக ஆடிய சமீர் ஷாகிர் அபஹானிக்கு வந்தார், பின்னாளில் 1994 உலகக் கிண்ண நைஜீரிய அணியில் இடம்பெற்ற எமேகா எசியூகோ பரம வைரியான முகம்மதன் கழகத்துக்கு ஆடினார். அத்தகையோர் நடுவே பெயரெடுத்த பக்கீர் அலி, ஆடி ஓய்ந்த பின்னர் அதே நகரில் பயிற்றுநராகவும் காலூன்றி, 2018 முதல் 2020 வரை இலங்கைத் தேசிய அணிக்கே பயிற்றுநரானார்.

இந்த வாழ்க்கை நடக்கும் விதத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆண்டுக்கு இரு பதிவுக் காலங்கள். ஒரே பருவத்தில் மூன்று கழகங்கள் வரை பதியலாம், ஆனால் இரண்டுக்கே உத்தியோகபூர்வமாக ஆடலாம். ஒப்பந்தம் ஐந்து ஆண்டை மிஞ்சலாகாது. 2024 வரையில், பழைய நாட்டுச் சங்கம், புதிய நாட்டுச் சங்கத்துக்குச் சர்வதேச மாற்றுச் சான்றிதழ் அனுப்பாதவரையில், எத்துணைச் சூரனாயினும் மைதானத்துக்கு வெளியே நின்று பொதுவாக வேடிக்கைதான் பார்க்கவேண்டியிருந்தது. 2010 முதல் இச்சான்றிதழ் கணினி வழியாகவே போகிறது.

என் மனத்தைக் கவர்ந்த விசித்திரம் வேறொன்று. ஆட்டக்காரரின் கடவுச்சீட்டு என ஓர் ஆவணம் உண்டு. குடிவரவுத் திணைக்களம் தருவதல்ல, உதைபந்தாட்டச் சங்கம் தருவது. பன்னிரண்டாம் வயது எட்டிய ஆண்டிலிருந்து அவர் எந்த எந்தக் கழகத்தில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை பதிந்திருந்தார் என்பது அதில் வரிசையாக இருக்கும். எங்கள் வீட்டில் பட்டி வைத்திருந்த காலத்தில், கன்றின் தொடையில் சுட்ட குறி, அது வளர்ந்து எத்தனை கை மாறினாலும் இன்ன குடும்பத்துக் கன்று என்று சொல்லிக்கொண்டே திரியும். ஆயினும், மாட்டை மூன்றாம் கையில் வாங்கியவன் முதற் குறிக்காரனைத் தேடிவந்து பங்கு கொடுத்ததாகச் சரித்திரமில்லை. உதைபந்தாட்ட உலகமோ, 2001இன் விதிகளால், கொடு என்கிறது! வீரர் ஒருவர் விலைக்குக் கைமாறும்போது அத்தொகையில் நூற்றுக்கு ஐந்து, பன்னிரண்டு முதல் இருபத்துமூன்று வயது வரை அவரைப் பயிற்றிய கழகங்களுக்குரியது. பதினைந்து வயது வரை ஆண்டொன்றுக்கு முழுத் தொகையில் 0.25 வீதம், அதற்குமேல் 0.5 வீதம். பத்து இலட்சம் டொலருக்கு ஒருவன் மாற்றப்பட்டால், பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரையான நான்காண்டுகள் அவனை ஆடவைத்த கிராமக் கழகத்துக்கு 10,000 டொலர். ஒப்பந்தம் முடிந்து விலையின்றிப் போகிறவர்களுக்கு இது பொருந்தாது. ஊர்ஊராய் ஆடுவோரில் பெரும்பாலோர் அவ்விதமே போகிறார்கள். ஆனாலும் இளவயதில் முதன்முதலாகத் தொழில்முறையில் ஒப்பமிடும்போது, பயிற்சி ஈடு என்ற தனித் தொகைக்கு அக்கழகங்கள் உரிமை கோரலாம்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நம் கரையோரக் கழகங்கள் பலவற்றில் கேடயங்களுக்குக் கண்ணாடி அலுமாரி இருக்கிறது. சிறுவர்களின் பெயரும் பிறந்த தேதியும் எழுதிய ஏடு ஒன்று இல்லை. சுற்றுப்போட்டி வந்தால் அயலூர்ப் பையனை வேறு பெயரில் இறக்குவதும், வயதைக் குறைத்து எழுதுவதும் சாமர்த்தியம் என்று சிலாகிக்கப்படுகின்றன. அந்தப் பொய்ப் பெயரில் ஆடிய ஆண்டுகள் அவனுடைய கணக்கில் ஒருநாளும் சேரா. மேலிடமும் நமக்கு முன்மாதிரியாக இல்லை. நிர்வாகத்தில் அரசியல் தலையீடு என்று காரணங்காட்டி, 2023 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தியிருந்தது. பதிவின் ஒழுங்குக்கு அன்னிய தேசத்தைத்தான் பார்க்கவேண்டியிருக்கிறது: 2021 ஜூன் 5ஆந் தேதி கொரியாவில் லெபனானுக்கு எதிராக நம் நாட்டின் இரு கோல்களையும் போட்ட வசீம் ராசிக், பெர்லினில் பிறந்து அங்கேயே ஆட்டம் பயின்றவர். சிறுபிள்ளையையும் பதிந்தே ஆடவிடுவது ஜேர்மானிய வழக்கம்.

2022 நவம்பர் முதல் பாரிஸில் ஒரு தீர்வகம் இந்தப் பங்குகளைப் பதிவேட்டிலிருந்து கணக்கிட்டு விநியோகிக்கிறது. உரிய கழகம் விண்ணப்பிக்கக்கூடத் தேவையில்லை, ஏட்டில் பெயர் இருந்தாற் போதும். பெயர் இல்லாத கழகத்தின் கதி என்ன என்று கேட்பீர்கள். பயிற்றிய கழகம் இன்னதென நிறுவமுடியாமற் போனால், பயிற்சி ஈட்டை அவ்வீரர் வளர்ந்த நாட்டின் தலைமைச் சங்கத்துக்கே கொடுத்துவிடும் ஏற்பாடு நெடுங்காலம் விதியில் இருந்தது. அதாவது, நம் மணலில் ஓடிப் பழகிய பிள்ளையின் ஈடு கொழும்புக்குப் போகும் என்பதே அந்த ஏற்பாடு.