வண்டி வரும்வரை

மலையகத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் தீப்பற்றினால் வரும் செய்திக்கு நிரந்தரமான வாசகங்கள் உண்டு. இரவில் தீ பரவியது. வீடுகள் முற்றாக எரிந்தன. மின்ஒழுக்கே காரணமாக இருக்கலாமெனப் பொலிஸார் சந்தேகிக்கின்றனர். பாதிக்கப்பட்டோர் தோட்டப் பாடசாலையில் தற்காலிகமாகத் தங்கவைக்கப்பட்டுள்ளனர். உயிர்ச்சேதம் இல்லை. தோட்டத்தின் பெயரையும் திகதியையும் மாற்றினால் அடுத்த செய்தியும் தயார். இவற்றுக்கு நடுவே, பிரதேச மக்கள் சேர்ந்து தீயைக் கட்டுப்படுத்தினர் என்றும் ஒரு வரி வரும். தீயணைப்பு வீரரின் வேலையும் அவருடைய மனச்சுமையும் நம்முடைய பொறுப்பும் அந்த வரிக்குள் அடங்கியிருக்கின்றன.

ஒரே கூரை, பன்னிரண்டு அடுப்பு

உதாரணத்துக்குத் தலவாக்கலையை எடுத்துக்கொள்வோம். அதைச் சுற்றி மட்டுக்கலை, ஹொலிரூட், சென்கிளயர், கிரேட்வெஸ்டன் எனத் தோட்டங்கள்தான். அங்கே தனி வீடுகள் வரத் தொடங்கியிருக்கின்றன. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி, ஏற்கெனவே அறிவித்த 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஆனாலும் ஏராளமான குடும்பங்கள் இன்னும் வெள்ளைக்காரன் காலத்து லயங்களில்தான் இருக்கின்றன.

பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. வரிசைக்குப் பன்னிரண்டு. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமென்றால் இருபத்துநான்கு. காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு. கூரைக்கோ ஒரே மரச்சட்டம், ஒரே தகரம். பழைய லயங்கள் பலவற்றில் நடுச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. தகரத்துக்குக் கீழே உள்ள அந்த வெளி படுக்கவைத்த புகைபோக்கி மாதிரி. மூன்றாம் காம்பராவில் கிளம்பும் சுடுபுகை, ஏழாம் காம்பராவில் தூங்குகிறவர் எழுவதற்குள் அவருடைய தலைக்கு மேலே வந்து நிற்கும்.

குசினிக்குள் எட்டிப் பாருங்கள். அடுப்புக்கு மேலே பரண். அதில் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மிலாறு காய்கிறது. மாதக்கணக்கில் மழை பெய்யும் ஊரில் விறகைக் காயவைக்க வேறு இடமில்லை. பக்கத்தில் கேஸ் சிலிண்டர். இஸ்தோப்பைப் பலகையாலும் பொலித்தீனாலும் அடைத்துச் செய்த சிறிய அறையில் நுரைமெத்தை. ஒரு பல்புக்காக எப்போதோ இழுத்த வயரில் இன்று தொலைக்காட்சி, குளிர்சாதனப்பெட்டி, அரிசிக் குக்கர், மின் அழுத்தி எல்லாம் தொங்குகின்றன. ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறதென்று அதைத் தவிர்த்து வயரை நேரடியாக இணைத்துக்கொள்பவர்களும் உண்டு. ஆபத்து இருப்பதைச் சொல்லத்தான் அது விழுகிறது.

நுரைமெத்தையும் பிளாஸ்டிக் சாமானும் உள்ள அறை பற்றத் தொடங்கினால் நான்கைந்து நிமிடத்தில் முழு அறையும் ஒரேயடியாகப் பிடித்துக்கொள்ளும். பருத்தி மெத்தையும் பலகைச் சாமானும் இருந்த காலத்தில் தப்பிக்க இதைவிடக் கூடுதல் நேரம் கிடைத்தது. தீயை வெல்லும் வாய்ப்பு இப்போது அந்த முதல் ஐந்து நிமிடத்தில் மட்டுமே இருக்கிறது.

மலைப்பாதையும் சில ஆயிரம் லீற்றரும்

தீயணைப்புப் படை உள்ள நுவரெலியாவிலிருந்து தலவாக்கலைக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர். நானுஓயா, ராதல்ல, லிந்துலை என்று வளைந்து வளைந்து இறங்கும் பாதை. தண்ணீர் நிறைந்த வண்டி அதில் பறந்து வர முடியாது. மூடுபனி இறங்கினால் சொல்லவே வேண்டாம். பக்கத்து நகரத்திலேயே வண்டி நின்றாலும் பிரதான வீதியைவிட்டுத் தோட்டப் பாதையில் திரும்பிய பிறகுதான் உண்மையான சோதனை. கொழுந்து லொறிக்காக வெட்டிய பாதை அது. கொண்டை ஊசி வளைவில் முன்னும் பின்னும் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். சில லயங்களுக்குக் கடைசித் தூரம் படிக்கட்டுத்தான்.

வண்டியில் வருவது சில ஆயிரம் லீற்றர் தண்ணீர். முழு வேகத்தில் அடித்தால் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். பிறகு? கொத்மலை ஓயாவும் மேல் கொத்மலை நீர்த்தேக்கமும் கண்ணுக்கு எதிரே விரிந்து கிடக்கின்றன, ஆனால் பள்ளத்தில். மேட்டில் இருக்கும் லயத்துக்கு ஒரு பீலியும் ஒரு றப்பர் குழாயும்தான். இவ்வளவு தண்ணீர் உள்ள ஊரில் தீயணைக்கத் தண்ணீர் இல்லை.

வண்டி எங்கே வர வேண்டுமென்று சொல்வதிலும் சிக்கல் உண்டு. ஆவணத்தில் தோட்டத்துக்கு ஒரு ஆங்கிலப் பெயர், நம் வாயில் இன்னொரு பெயர். மேல்பிரிவா கீழ்ப்பிரிவா என்று சொல்லாமல் பதற்றத்தில் தொலைபேசியை வைத்துவிட்டால், வண்டி தவறான மலையில் ஏறிவிடும்.

தாமதத்தைச் சுமப்பவர்

ஆகவே மலைநாட்டுத் தீயணைப்பு வீரர் பல சமயம் எரிந்து முடிந்த இடத்துக்குத்தான் வந்து சேருகிறார். எல்லாம் இழந்து நிற்கும் சனம் முதலில் கோபப்படுவதும் அவர்மீதுதான். "இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தீங்க?" என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. தூரத்தையும் பாதையையும் அவர் உண்டாக்கவில்லை. ஆனால் பழி அவருடைய சீருடையில் ஒட்டிக்கொள்கிறது.

உடம்புக்கும் சுமை குறைவில்லை. பாதுகாப்பு உடையும் சுவாசக் கருவியும் சேர்ந்தால் இருபது கிலோவுக்கு மேல். அரை மணி நேரத்துக்கென்று சொல்லப்படும் காற்று உருளை, மூச்சிரைக்க வேலை செய்யும்போது அதற்கு முன்பே தீர்ந்துவிடும். உறக்கத்திலிருந்து மணியடித்து எழுந்த இரண்டு நிமிடத்தில் இதயம் உச்ச வேகத்தில் ஓட வேண்டும். அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை பணியின்போது இறந்த தீயணைப்பு வீரர்களை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, பணியின்போது நேரும் மரணங்களில் 45 வீதத்துக்குக் காரணம் இதய நோய். நேரடியாகத் தீயோடு போராடுவது அவர்களுடைய வேலை நேரத்தில் 5 வீதத்தைக்கூடத் தாண்டுவதில்லை. ஆனால் இதய நோய் மரணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று அந்தக் கொஞ்ச நேரத்தில் நேர்ந்திருக்கிறது.

புகையும் விடுவதில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2022இல் தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் வகைத் தொழிலாக வகைப்படுத்தியது. எரிந்த பிளாஸ்டிக்கின் கரி படிந்த உடையை அப்படியே மாட்டிவைத்து மறுநாள் போட்டுக்கொள்வது வீரத்தின் அடையாளமல்ல. இரண்டாவது உடை, கழுவும் வசதி, ஆண்டுக்கொரு மருத்துவப் பரிசோதனை ஆகியவை சலுகைக் கணக்கில் வரக்கூடாது.

மனதின் காயத்தைப் பற்றி நம் ஊரில் யாரும் கேட்பதில்லை. விபத்தில் நசுங்கிய வாகனம், ஓயாவில் விழுந்த பிள்ளை, மண்சரிவு என எல்லாவற்றுக்கும் அதே ஆட்கள்தான் போகிறார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது நாள்கணக்கில் மண்ணைத் தோண்டியவர்கள் கண்டவற்றின் சுமையை யார் இறக்கிவைத்தார்கள்? இராணுவமோ பொலிஸோ தீயணைப்புப் பிரிவோ, சீருடை போட்டவன் அழக்கூடாது என்ற எண்ணம் எங்கும் ஒன்றுதான். ஒவ்வொரு பெரிய சம்பவத்துக்குப் பிறகும் குழுவாக உட்கார்ந்து பேசவும், தேவையானவர் மனநல மருத்துவரைப் பார்க்கவும் ஏற்பாடு இருக்க வேண்டும்.

தீக்கு முன்பே வரட்டும்

மண்சரிவுக்கு எச்சரிக்கை உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் அறிவிக்கிறது. தீக்கு அப்படி எதுவும் இல்லை. ஆகவே தலவாக்கலை போன்ற இடத்தில் தீயணைப்பு வீரர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, தீப்பிடிக்காத நாளில் தோட்டத்துக்கு வருவதுதான்.

தொழிலாளர் காலையில் கூடும் பெரட்டுக் களத்தில், பாடசாலையில், கோயில் திருவிழாவில் அரைமணி நேரம் கிடைத்தால் போதும். மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் பிரதான சுவிட்சை இறக்க வேண்டும். எண்ணெய்ச் சட்டி பற்றினால் மூடி போட வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். வாடை வந்தால் லைட் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடிக் கதவு ஜன்னலைத் திறக்க வேண்டும். 2021 இறுதியில் நாடு முழுவதும் கேஸ் வெடிப்புகள் தொடர்ந்து, அவற்றை ஆராய ஜனாதிபதி குழு அமைக்கும் நிலை வந்ததை நாம் மறந்திருக்க முடியாது. நெருப்பைவிடப் புகைதான் முதலில் ஆளைக் கொல்லும், ஆகவே தரையோடு தவழ்ந்து வெளியேற வேண்டும். சுட்ட காயத்தில் பற்பசையும் தேங்காயெண்ணெயும் பூசாமல் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடிக்க வேண்டும். பீலித் தண்ணீரே போதும்.

மலையகத்துக்கென்று தனியாக ஒரு பாடமும் உண்டு. பகலில் தீப்பிடித்தால் பெரியவர்கள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள், வீட்டில் கிழவர்களும் பிள்ளைகளும் மட்டும்தான். எரிவது துணிமணியோடு நிற்பதில்லை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறு எல்லாம் போகின்றன. 1948இல் குடியுரிமையைப் பறிகொடுத்து, 2003இன் சட்டம் வரை காகிதத்துக்காக அலைந்த சமூகம் இது. பிறப்புச் சான்றிதழ் எரிந்தால் என்ன பாடு என்று தாத்தா பாட்டிக்குத் தெரியும். ஆவணங்களைப் பிரதியெடுத்து வேறு ஊரில் உள்ள சொந்தக்காரரிடம் ஒரு பிரதி கொடுத்து வைப்பதும் தீத்தடுப்புத்தான்.

இந்தியாவில் ஏப்ரல் 14 தீயணைப்புச் சேவை நாள். 1944இல் அந்த நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அவர்களுடைய நினைவாகத் தொடங்கும் வாரத்தில் பொதுமக்களுக்குச் செயல்விளக்கம் நடக்கிறது. நமக்கு அது சித்திரைப் புத்தாண்டுக் காலம். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் ஊருக்கு வந்து, லயம் நிறைந்திருக்கும். ஒத்திகைக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

யாருடைய பொறுப்பு?

இலங்கையில் தீயணைப்பு பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றங்களின் கையில் இருக்கிறது. கொழும்பு, கண்டி, நுவரெலியா போன்ற மாநகர சபைகளுக்குத் தனிப் படை உண்டு. தோட்டங்களோ நெடுங்காலம் இந்த வட்டத்துக்கு வெளியே நின்றன. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்ட பிறகுதான் பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் சேவை செய்வதற்கு இருந்த தடை நீங்கியது. சட்டக் கதவு திறந்தும் தீயணைப்பு உள்ளே வரவில்லை என்றால் அதற்குச் சபைகளும் கம்பனிகளும் பதில் சொல்ல வேண்டும். தேயிலை ஸ்டோரின் சுவரில் சிவப்பு வாளியும் மணலும் தீயணைப்பான்களும் தொங்கவிடத் தெரிந்த நிர்வாகத்துக்கு, லயத்தின் கோடியில் அதையே வைக்கத் தெரியாமல் போக நியாயமில்லை.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்களல்ல. பிரிவுக்குப் பத்து இளைஞர்களுக்குப் பயிற்சி. லயத்துக்கு ஒரு நீர்த்தொட்டி, நீளமான குழாய், ஏணி, கோடரி. காம்பராச் சுவர்களைக் கூரை வரை உயர்த்திக் கட்டுதல். பழைய வயர்களைத் தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டு மாற்றுதல். தலவாக்கலை, கொட்டகலை, அக்கரப்பத்தனைப் பக்கங்களுக்குச் சிறிய வண்டிகள்; பெரிய வண்டி ஏறாத பாதையில் அவை ஏறும். கூடவே, தோட்டத்துப் பாதையும் மொழியும் தெரிந்த நம் பிள்ளைகள் தீயணைப்பு வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். மலையை அறிந்தவன் வண்டியில் இருந்தால் ஐந்து நிமிடம் மிச்சமாகும்.

இதையெல்லாம் சபைகள் செய்யும்வரை காத்திருக்காமல் வாசகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தீயணைப்புக்கு 110, அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸ் அவசர உதவிக்கு 119. மூன்றையும் இன்றே தொலைபேசியில் பதிந்து வையுங்கள். 110ஐ அழைத்தால் தோட்டத்தின் பெயர், பிரிவு, லய இலக்கம், வண்டி திரும்ப வேண்டிய சந்தி ஆகிய நான்கையும் சொல்லிவிட்டு, அந்தச் சந்தியில் ஒருவரை டோர்ச்சோடு நிறுத்துங்கள்.