பல்லாவரத்துக் கல்லும் ஏற்காட்டு மலையும்

இரண்டாம் ஆண்டு, புவியியல் துறை

மலை என்றதும் உதகையும் கொடைக்கானலும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. திருமுடிவாக்கத்தில் பிறந்த எனக்கோ, மலை என்றால் அப்பா சொல்லும் வேட்டுச் சத்தம்தான். இளமையில் அவர் கல்குவாரியில் சம்மட்டி பிடித்தவர். ஊரைச் சுற்றி நாற்புறமும் குன்றுகள். ஒரு பக்கம் திருநீர்மலை, மறுபக்கம் குன்றத்தூர் முருகன் குன்று, அப்பால் பல்லாவரமும் திரிசூலமும். "இதெல்லாம் கருங்கல்லுடா, வேற என்ன இருக்கு?" என்பார் அப்பா. கல்லூரிக்கு வரும்வரை நானும் அப்படியே எண்ணியிருந்தேன்.

அந்தக் கருங்கல்லுக்கு உலகப் புகழ் பெற்ற பெயர் ஒன்று உண்டு என்பதை வகுப்பறையில்தான் அறிந்தேன். சார்னோகைட்! கல்கத்தா நகரை நிறுவியவராகக் கூறப்படும் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் பதித்திருந்த கல், நம் சென்னைப் பக்கத்துக் கல். அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலார் 1893-இல் அவர் பெயரையே கல்லுக்குச் சூட்டினார். பரங்கிமலையும் பல்லாவரமும்தான் இக்கல்லின் மூல இடங்கள். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் அடியாழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான கல் இது. மேலிருந்தவை எல்லாம் கரைந்து போன பின்னரே நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம் இதன் அடையாளம். உடைத்த முகம் எண்ணெய் தடவியது போல் மினுக்கும்.

சென்ற டிசம்பரில் நண்பர்கள் நால்வர் கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏறிச் சேலம் சென்று, அங்கிருந்து ஏற்காடு போனோம். மலையடிவாரத்துக்கு முன்னே வெள்ளை வெளேரென மண்மேடுகள் தெரிந்தன. அது மாக்னசைட். உலைகளில் வெப்பம் தாங்கும் செங்கல் செய்ய உதவுவது. பிறகு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் நண்பர்கள் கீழே தெரிந்த சேலத்தைப் பார்க்க, நான் சாலைக்காக வெட்டிய பாறையையே பார்த்துக்கொண்டு வந்தேன். எண்ணெய் மினுக்கு! நீல நிறம் ஓடிய சாம்பல்! எங்கள் ஊர்க் கல்லேதான். சேர்வராயன் மலை முழுவதுமே சார்னோகைட்டால் ஆனது, நீலகிரியும் அப்படியே. பல்லாவரத்தில் சில நூறு அடி நிற்கும் கல், இங்கே 5000 அடிக்கு நிமிர்ந்து நிற்கிறது.

மலையின் உச்சியில் சேர்வராயன் கோயில் குகைக்குள் இருக்கிறது. குனிந்துதான் போக வேண்டும். வெளியே வந்து பார்த்தால் மலையுச்சி கூம்பாக இல்லை, விளையாட்டுத் திடல் போல் தட்டையாக இருக்கிறது. காரணம் மழை. பல இலட்சம் ஆண்டுகள் பெய்த மழை கல்லிலுள்ள சிலிக்காவைக் கரைத்துச் செல்ல, அலுமினியம் மிகுந்த பாக்சைட் மட்டும் தொப்பி போல் மேலே தங்கிவிட்டது. அந்தத் தொப்பியையும் ஒரு காலத்தில் வெட்டி, மேட்டூர் அலுமினிய ஆலைக்கு ஏற்றினார்கள். குவாரி நம்மூர்க் கதை மட்டுமல்ல போலும்.

ஏரியில் படகு, பகோடா முனை, சீமாட்டி இருக்கை இவை எல்லாரும் பார்ப்பவை, நாங்களும் பார்த்தோம். காப்பித் தோட்டங்களின் ஊடே, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும் பாதையில் நடந்ததுதான் எனக்குப் பெரிதாகப்பட்டது. ஏரி நிரம்பி வழியும் நீரே கிளியூர் அருவியாக ஏறக்குறைய 300 அடி விழுகிறது. இறங்கும் வழி பாசி படிந்து வழுக்கும்; ரப்பர் செருப்போடு போன நண்பன் ஒருவன் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான்!

இவ்விரண்டு ஊர்களையும் இணைப்பது கல் மட்டுமன்று, ஒரு மனிதரும்கூட. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் செம்புரைக்கல் சரளைக் குழியொன்றில் கற்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவில் பழைய கற்காலம் இருந்ததை உணர்த்தியவர் இராபர்ட் புரூஸ் ஃபூட். அவர் பின்னாளில் வாழ்ந்தது ஏற்காட்டில். 1912-இல் கல்கத்தாவில் மறைந்த அவருடைய அஸ்தி ஏற்காட்டுத் தேவாலயத்தில்தான் புதைக்கப்பட்டது. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர். தமிழ்த்துறை நண்பர்கள் இதையும் குறித்துக்கொள்க.

மலை நடைக்குச் செல்லும் தோழர்களுக்கு ஒரு சொல். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சென்னையிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. பிப்ரவரி முதல் புல் காய்ந்துவிடும்; சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. 2024-இல் வனத்துறை 40 நடைபாதைகளை வழிகாட்டிகளோடு திறந்திருக்கிறது. அனுமதியில்லாமல் குறுக்குவழி தேடுவானேன்?

ஆனால் குரங்கணி வரைக்கும் போக வேண்டாம். எங்கள் பக்கத்துக் குவாரிக் குட்டைகளே போதும். சிக்கராயபுரத்துக் குட்டைகளின் நீர் 2017, 2019 வறட்சியில் சென்னைக்குக் குடிநீராயிற்று; அது பெருமை. எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் படித்த பையன் ஒருவன் இன்னொரு குட்டையில் குதித்தான், அவன் திரும்பவில்லை. ஏரி என்றால் கரையிலிருந்து மெல்ல மெல்ல ஆழமாகும். குவாரியில் கல்லைச் செங்குத்தாக வெட்டியிருப்பதால் முழங்கால் நீருக்கு அடுத்த அடியே பாதாளம். மேல் நீர் வெதுவெதுப்பு, கீழே பனி போன்ற குளிர். பிடித்துக்கொள்ள ஒரு வேரும் இராது. அன்று கயிறு கட்டி இறங்கியவர்களில் என் அப்பாவும் ஒருவர். அதன்பின் அந்தப் பக்கமே அவர் போவதில்லை.

ஏற்காட்டுச் சாலையோரம் உதிர்ந்து கிடந்த சில்லு ஒன்றை அவருக்காக எடுத்து வந்தேன். எங்கிருந்து என்று சொல்லாமல் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், நகத்தால் கீறினார்.

"நம்ம மலைக் கல்லுதான். எங்கடா எடுத்த? அந்தக் குட்டைப் பக்கம் போனியா?"

ஏற்காடு என்றேன். நம்பாமல் மறுபடியும் திருப்பிப் பார்த்தார். இப்போது அது எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் இருக்கிறது.