விட்டுவிட்டும் அறியாமலும்: ஆங்கில வினையடைகள் சில

ஆங்கிலம் கற்பிப்போர், மாணாக்கரின் மொழிபெயர்ப்பேடுகளைத் திருத்துங்கால் ஒரு குறையைப் பன்முறை காண்பர். ஒழுங்கின்றி நிகழ்வதைக் குறிக்கும் வினையடைகள் யாவற்றுக்கும் 'சில வேளைகளில்' என்றும், கருதாமற் செய்வதைக் குறிக்கும் வினையடைகள் யாவற்றுக்கும் 'தற்செயலாக' என்றும் எழுதிவிட்டு மாணாக்கர் அமைதியடைகின்றனர். அகராதி அதற்கு இடந்தருகின்றது; பொருள் இடந்தருவதில்லை. இவ்வேறுபாடுகள் ஏட்டளவில் நிற்பனவல்ல என்பதற்கு மலைநாட்டுத் தோட்டங்களே தக்க சான்று.

'இன்டர்மிட்டன்ட்லி' என்பது, 'இடையில் விடுதல்' எனப் பொருள்படும் இலத்தீன மொழிச் சொற்களினின்றும் பிறந்தது. ஐப்பசி மாலைகளில் அட்டன் பக்கத்தார் 'மழை விட்டுவிட்டுப் பெய்கிறது' என்பர். அங்கும் விடுதலே உருவகம்; ஒருவர் மற்றவரிடம் கடன் கொண்டதன்று. 'ஸ்பொராடிக்கலி' என்பது கிரேக்கத்தில் விதை தூவுதலோடு உறவுடையது. ஆதலின் அது சிதறிக் கிடத்தலைச் சுட்டும். 1946 இல் இலங்கைத் தேயிலையிற் கொப்புள நோய் தோன்றியது. ஒரு மலையில் அந்நோய் அங்கொன்றும் இங்கொன்றுமாய்க் காணப்படின் இச்சொல்லே பொருந்தும். அடுத்தடுத்து எல்லாச் செடியிலும் பற்றியபின் பொருந்தாது. 'டெசல்ட்டரிலி' என்பதன் பிறப்போ சுவையானது. உரோமாபுரி விளையாட்டரங்கில் ஓடும் குதிரையொன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிய வீரனின் பெயரே அதன் மூலம். எந்நூலையும் முடிக்காது நூலுக்கு நூல் தாவும் மாணாக்கனுக்கு அது வாய்த்த சொல். நம்மவர் அவனை நுனிப்புல் மேய்பவன் என்பர். நம்மவர் உவமையிற் குதிரைவீரனுக்குரிய பெருமை அவனுக்கில்லை.

'ஒக்கேஷனலி', 'கஷுவலி', 'அக்சிடென்டலி' என்னும் மூன்றும் 'விழுதல்' எனப் பொருள்தரும் ஓர் இலத்தீன வினையடியிற் பிறந்த உடன்பிறப்புகள். பிறப்பு ஒன்றாயினும் வாழ்வு வேறு. முதலாவது, எத்தனை முறை என்னும் வினாவுக்கு விடை. மூன்றாவது, கருதிச் செய்ததா என்னும் வினாவுக்கு விடை. நடுவில் நிற்கும் 'கஷுவல்' இரண்டினும் கால் வைத்தது. தோட்டத்துச் செக்ரோலிலே பெயர் பதியப்பெறாது வேலை செய்வாரைக் குறிக்கவும் அச்சொல் வழங்கும். தொழிலாளர் அவ்வாறு செய்யும் வேலையைக் 'கைக்காசு வேலை' என்பர். ஆங்கிலச் சொல் வேலையின் ஒழுங்கின்மையை நோக்கிற்று. தமிழ்ச் சொல் கூலி வந்த வழியை நோக்கிற்று. நாள்தோறும் பெரட்டுக் களத்துக்கு வருவாரும் ஏட்டிற் 'கஷுவல்' என நிற்றல் உண்டாதலின், தமிழ்ச் சொல்லே உண்மைக்கு அணித்து.

இனிக் கருதாச் செயல். 'இனட்வேர்ட்டன்ட்லி' என்பது மனம் அப்பக்கம் திரும்பாமையைக் குறிக்கும், 'கவனக்குறைவாக' எனலாம். 'அன்இன்டென்ஷனலி' என்பது கவனம் இருந்தும் அவ்விளைவைக் கருதாமை. தமிழில் 'தெரியாமற் செய்துவிட்டேன்' என்னும் ஒரு தொடர் இவ்விரண்டையும் தாங்கும். அதனினும் நுட்பமான வழியொன்று தமிழ்க்கு உண்டு. அது வினையடையையே வேண்டாது. செங்குத்தான மலையிலே கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தி கால் வழுக்கக் கூடை சரிந்ததாகக் கொள்க. 'கூடை கவிழ்ந்து போச்சு' என்பாள் அவள். 'கவிழ்த்தாள்' என்னும் பிறவினையை நீக்கிக் 'கவிழ்ந்தது' என்னும் தன்வினையை ஆண்டமையாலும், 'போ' என்னும் துணைவினையாலும் அவள் கருத்தின்மை முற்றும் புலப்பட்டுவிட்டது. அதனை 'அவள் கூடையைக் கவிழ்த்தாள்' என ஆங்கிலத்தில் எழுதி, 'அக்சிடென்டலி' என்பதைச் சேர்க்க மறப்பின், சொல்லாத குற்றமொன்றை அவள் ஒப்புக்கொண்டதாகிவிடும். விசாரணைக் கடிதங்களை மொழிபெயர்ப்பவர் இதனை நினைவிற் கொள்வது நன்று.

ஒரு பெருங்கூட்டத்தாரின் வாழ்வே இவ்வகைச் சொல்லொன்றனுள் அகப்பட்டமையும் உண்டு. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழரிற் பெரும்பாலார் பிரசைகளாகாது நின்றனர். 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம், விண்ணப்பித்துப் பெறும் வழியொன்றை வகுத்தது. 1946 சனவரி 1 ஆம் நாளுக்கு முன் மணமானவர் 7 ஆண்டும், ஏனையோர் பொதுவாக 10 ஆண்டும், அந்நாள் தொட்டு விண்ணப்ப நாள் வரையும் இடையறாது இலங்கையில் வதிந்திருத்தல் வேண்டும். தலைமன்னார்க் கப்பலேறித் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் இழவுக்கும் ஊர் சென்று மீளும் வழக்கம் அவர்க்கு இருந்தது. சட்டமும் அதனை அறிந்து, 'ஒக்கேஷனல்' ஆகிய நீங்குதல் வதிவை அறுக்காது என்றது. ஆனால் எந்த ஒருமுறையும் அது பன்னிரண்டு மாதத்தைக் கடந்திருத்தலாகாது.

இங்கே நுணுகி நோக்குக. 'ஒக்கேஷனல்' எத்தனை முறை என்பதைப் பற்றிய சொல். உடன் வந்த நிபந்தனையோ எத்துணைக் காலம் என்பதைப் பற்றியது. ஆண்டுதோறும் இரண்டு மாதம் ஊரிலிருந்து மீண்டவன் வதிவு அறவில்லை. வாழ்நாளில் ஒரேமுறை சென்று, நோயுற்றுப் பதின்மூன்று மாதம் கிடந்தவன் வதிவு அறுந்தது. வேண்டுமென்றே தங்கினானா, தங்க நேர்ந்ததா என்னும் வினாவுக்கு அந்நிபந்தனையில் இடமில்லை. 'ஒக்கேஷனல்' என்பதைத் 'தற்காலிக' என மொழிபெயர்த்தல் எளிது, அது பிழை. தற்காலிகம் நீங்கியிருந்த காலத்தின் குறுமையை மாத்திரம் கூறும். 'இடையிடையே' என்பதே மூலத்துக்கு நேர்.

அச்சட்டத்தின்கீழ் 1951 ஆகத்து வரை வந்த விண்ணப்பங்கள் ஏறத்தாழ 2,37,000. பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர். மறுக்கப்பட்டமைக்குக் காரணங்கள் பல. வதிவு அறுந்தமை அவற்றுள் ஒன்று. எஞ்சி நின்றாரைப் பற்றியே 1964 அக்டோபர் 30 இல் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை எழுந்தது. இறுதியாக நாடற்றிருந்தார்க்குப் பிரசாவுரிமை வழங்கிய சட்டம் 2003 இல் நிறைவேறியது.